காந்தி ரோட்டுச் சந்தில் ஒரு மனி எக்ஸ்சேஞ்ச் கடை: சிங்கப்பூர் போய் வந்த கணக்கோடு

600 சிங்கப்பூர் டாலருக்கு மொத்தம் 40,092 ரூபாய் கொடுத்தேன். டாலர் 66 ரூபாய் 70 காசு, அந்தக் கணக்கில் 40,020. ஜிஎஸ்டி 72 ரூபாய். வேறு ஒரு பைசா இல்லை. 2025 மே மாதம், வேலூர் காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கும் சின்னக் கடையில் மாற்றினேன். கடைப் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, விளம்பரம் மாதிரி ஆயிடும்" என்றார் கடைக்காரர் பாய். அதனால் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் இந்தக் கடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று திரும்பி வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கொசப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டு மாடியில் ஐந்து அறை கட்டி, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குப் பதினாறு வருஷமாக வாடகைக்கு விடுகிறேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு காஸ் அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு அரிவாள்மனை. கல்கத்தா, திரிபுரா, அசாம், பங்களாதேஷ் என்று வருவார்கள். கடுகு எண்ணெய் வாசனை எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. இவர்களிடம்தான் நான் வெளிநாட்டுப் பணம் என்பதையே கற்றுக்கொண்டேன். முதல் வருஷம் ஒரு பெரியவர் "பாஞ்ச் ஷோ டாக்கா" என்று சொல்லி அறை கேட்டார். ஐந்நூறு டாக்கா என்றால் பங்களாதேஷ் பணம் என்று நினைத்து, வேண்டாம், ரூபாயாகக் கொடுங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் கல்கத்தாக்காரர். வங்காளிகள் நம் ரூபாயையும் டாக்கா என்றுதான் சொல்வார்கள். அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

2023இல் ராஜ்ஷாஹியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தார். கையில் 40,000 டாக்கா. அன்றைக்கு நூறு டாக்காவுக்கு ஏறக்குறைய 75 ரூபாய் மதிப்பு. ஒரு லாட்ஜ் வாசலில் நின்ற ஆள் ஒருவன் நூற்றுக்கு 66 என்று எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சீட்டு எதுவும் இல்லை. அடுத்த வாரம் அவர் தம்பி இன்னும் கொஞ்சம் பணம் கொண்டுவந்தபோது, "மா, நீங்க கூட வாங்க" என்று வாத்தியாரின் மனைவி என்னைக் கூப்பிட்டார். நானும் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். பாய் கடையில் நூற்றுக்கு 73 கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, எழுதி, கையெழுத்து வாங்கி, என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். "இத பத்திரமா வச்சிக்கச் சொல்லுங்கம்மா. ஊருக்குத் திரும்பும்போது ரூபாய் மீந்தா, இதக் காட்டித்தான் மாத்திக்க முடியும்" என்றார் பாய். முதல் தடவை போனது நூற்றுக்கு ஏழு ரூபாய், 40,000க்கு 2,800 ரூபாய். வைத்தியத்துக்கு வந்த இடத்தில் 2,800 ரூபாய் என்பது இரண்டு நாள் பரிசோதனைச் செலவு. அந்த அம்மா கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து என் மாடிக்கு வருகிற எல்லோரையும் அங்கேதான் அனுப்புகிறேன். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கெடுபிடியில் பங்களாதேஷ் ஆட்கள் வருவது மிகவும் குறைந்துபோனது. கடையிலும் கூட்டம் குறைந்தது. ஆனால் சீட்டு எழுதுகிற பழக்கம் குறையவில்லை. அதையும் கவனித்துத்தான் இருந்தேன்.

நான் வாங்குகிறவளாகப் போனது 2025இல்தான். சிங்கப்பூரில் மகள் வீட்டில் பேரனுக்கு முதல் பிறந்தநாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, நீங்கள் வாருங்கள் என்றார்கள். என் பெரிய அண்ணன் இறந்த பிறகு அண்ணி எங்கேயும் போகவில்லை. அவரையும் கிளப்பிவிட்டேன். சிங்கப்பூரில் 28 நாள், நடுவில் நாலு நாள் மலேசியா.

இதற்கு முன் 2018இல் ஒரு தடவை உறவினர் கல்யாணத்துக்கு மலேசியா போயிருக்கிறேன். அப்போது பணத்தைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. விமான நிலையத்துக்குள் போய் அங்கேயிருந்த கவுன்ட்டரில் 20,000 ரூபாயை நீட்டினேன். எந்த விமான நிலையம், எந்தக் கம்பெனி என்பதை எழுதப்போவதில்லை. 1,000 ரிங்கிட்டும் 160 ரூபாய் மீதியும் கொடுத்தார்கள். அப்போது ஒரு ரிங்கிட் 17 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. எனக்குப் போட்டது 19 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 250 ரூபாய், அதற்கு வரி, அப்புறம் மாற்றியதற்கு வரி. ஊரிலேயே மாற்றியிருந்தால் அதே ஆயிரம் ரிங்கிட்டுக்குப் பதினேழாயிரத்து முந்நூறுக்குள் முடிந்திருக்கும். விமானத்தில் உட்கார்ந்து சீட்டை விரித்துப் படித்தபோதுதான் இரண்டாயிரத்து ஐந்நூறு போனது தெரிந்தது. ஒரு அறைக்கு ஐந்து நாள் வாடகை. யாரும் பொய் சொல்லி வாங்கவில்லை, பலகையில் எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் போர்டிங் நேரம் நெருங்குகிறபோது ஒருவர் தசம எண்களைப் படித்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த அவசரத்துக்குத்தான் அங்கே விலை.

இந்தத் தடவை முதலில் எங்கள் வங்கிக்குப் போனேன். இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் கிளை. நோட்டாக இந்தக் கிளையில் கிடையாது, சென்னையிலிருந்து வரவழைக்க மூன்று நாள் ஆகும், வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொள்ளும் பாரெக்ஸ் கார்டு வேண்டுமானால் உடனே தருகிறோம் என்றார்கள். கார்டில் டாலர் ஏற்ற 68 ரூபாய் 20 காசு. கார்டுக்கு 500 ரூபாய், அதற்கு வரி, அப்புறம் மாற்றியதற்கு வரி. 600 டாலருக்குக் கூட்டிப் பார்த்தேன். 41,584 வந்தது. அன்று கூகுளில் ஒரு டாலர் சரியாக 66 ரூபாய் காட்டியது. அது வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் மொத்த விலை, நமக்கு யாரும் அந்த விலைக்குத் தர மாட்டார்கள். ஆனால் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால், எதிரில் இருக்கிறவர் எவ்வளவு தள்ளிச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும்.

காகிதத்தோடு பாய் கடைக்குப் போனேன். ஒரு லட்ச ரூபாய் வாடகைப் பணத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். 1,500 டாலர் வேண்டும் என்றேன்.

"இவ்ளோ எதுக்கும்மா? பொண்ணு வீட்லதானே தங்கப் போறீங்க?"

அவர் அப்படிக் கேட்டது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்க வந்தவளிடம் எதற்கு என்று ஏன் கேட்க வேண்டும்? ஆனால் அவர் நிறுத்தவில்லை. சாப்பாடு மகள் வீட்டில், மலேசியா ஓட்டலுக்கு மகள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அவளே கார்டு வாங்கித் தருவாள். மீதி என்ன? கோயில், மார்க்கெட், பேரனுக்கு ஏதாவது, அவசரத்துக்குக் கொஞ்சம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டினார். 540 வந்தது. "அறுநூறு எடுத்துக்குங்க. மீதிப் பணம் பேங்க்லயே இருக்கட்டும். இப்ப என்கிட்ட வாங்குனீங்கன்னா 66.70. திரும்ப விக்க வந்தீங்கன்னா நான் 65தான் தருவேன். தொள்ளாயிரம் டாலரு சும்மா போய்ட்டு வந்தா உங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் நஷ்டம்."

ஒரு வியாபாரி, தன் கல்லாவுக்கு வரவேண்டிய அறுபதாயிரம் ரூபாய் வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்பினார். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொன்னார். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்க அவருக்கு அனுமதி இல்லை. செக், கார்டு அல்லது வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும், ரிசர்வ் வங்கியின் விதி அது. நான் மஞ்சள் பையைத் திறந்தபோதே, "அதக் கட்டி வைங்கம்மா, பேங்க்ல போட்டுட்டுப் போங்க" என்றார். பக்கத்துச் சந்தில் இதையெல்லாம் பார்க்காமல் கட்டு கட்டாக வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சீட்டு இல்லாத இடத்தில் வாங்கிய நோட்டு கள்ள நோட்டாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு நான்கும் கேட்டார்கள். பயணத்துக்கு அறுபது நாளுக்குள்தான் வாங்க முடியும். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் தருவார்கள். சில நாடுகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. நம் ரூபாயைக் கையில் கொண்டுபோக 25,000 வரைதான். திரும்பி வரும்போது சென்னையிலிருந்து வண்டி பிடிக்கத் தேவைப்படும் என்று நான் நாலாயிரம் தனியாக வைத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் காட்பாடியிலிருந்து ஒருவர் நின்றிருந்தார். மகன் விஐடியில் படிப்பை முடித்து ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறான். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை இங்கேயே அனுப்பிவிடலாமா என்று கேட்டார். "என் லைசென்ஸ் நோட்டு மாத்துறதுக்கு மட்டும்தாங்க. பீஸ் அனுப்ப பேங்குக்குப் போங்க" என்றார் பாய். அதோடு விடவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே எடுக்கிற வரியைப் பிடிக்க மாட்டார்கள், முன்பு ஏழு லட்சமாக இருந்தது, வங்கிக் கடனில் படிக்க வைத்தால் அந்தப் பிடித்தமே கிடையாது என்று நிதானமாகச் சொன்னார். காட்பாடிக்காரர் அதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போனார்.

என் முறை வந்தது. நோட்டுகளை எப்படிக் கொடுத்தார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐம்பது டாலர் எட்டு. பத்து டாலர் பதினைந்து. ஐந்து டாலர் ஆறு. இரண்டு டாலர் பத்து. நான் கேட்காமலே சில்லறையாகப் பிரித்துக் கொடுத்தார். எல்லா நோட்டிலும் ஒரே முகம். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசுப் பின் இஷாக் என்று சொன்னார். இரண்டு டாலர் ஊதா, ஐந்து பச்சை, பத்து சிவப்பு, ஐம்பது நீலம். "கலரப் பார்த்து ஞாபகம் வச்சிக்குங்க, அண்ணிக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். அண்ணிக்கு இங்கிலீஷ் எண்கள் தெரியும், ஆனால் கண் சரியில்லை. கடைசி வரைக்கும் அவர் நிறத்தை வைத்துத்தான் எண்ணினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மலேசியாவுக்கு ரிங்கிட் கேட்டேன். 21 ரூபாய் 10 காசு என்று பலகையில் இருந்தது. அன்றைய மதிப்பு 20 ரூபாய்ச் சுற்றில். "என்கிட்ட ரிங்கிட் அதிகமா வராதும்மா, அதனாலதான் ரேட்டு கூட. அங்கப் போயி டாலரைக் குடுத்து மாத்திக்குங்க" என்றார். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் முஸ்தபா என்ற பெரிய கடையில் மாற்றினேன். 100 டாலருக்கு 326 ரிங்கிட். 6,670 ரூபாய்க்கு வாங்கிய நூறு டாலர். அதே 326 ரிங்கிட்டை வேலூரில் வாங்கியிருந்தால் 6,879 ரூபாய். இருநூறு ரூபாய் பெரிய தொகையில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்ததில் எனக்கு வந்த நிம்மதி பெரிது.

கிளம்பும் முன் அவர் சொன்ன மூன்று விஷயத்தில் ஒன்றை நானும் ஒன்றை அண்ணியும் கோட்டை விட்டோம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டுப் போங்கள் என்றார். 2020இலிருந்து புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. வெளிநாட்டில் தேய்க்க வேண்டுமானால் நாம்தான் ஆப்பிலோ கிளையிலோ சொல்லித் திறக்க வேண்டும். இதை இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்தோம்.

ஏடிஎம்மில் எடுக்காதீர்கள் என்றார். மூன்றாவது வாரம் மகளிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு 200 டாலர் எடுத்தேன். 13,200 ரூபாய் போயிருக்க வேண்டிய இடத்தில் கணக்கிலிருந்து 13,892 போனது. வெளிநாட்டு மாற்றுக் கட்டணம் மூன்றரை சதவீதம், அதற்கு 18 சதவீதம் வரி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம், அதற்கும் வரி. பெற்ற மகளிடம் இருநூறு டாலர் கேட்டு வாங்கி, ஊருக்கு வந்து அவள் கணக்கில் ரூபாயாகப் போட்டிருக்கலாம். அவளும் அதைத்தான் சொல்லி வருத்தப்பட்டாள்.

மெஷினில் ரூபாயா, டாலரா என்று கேட்டால் டாலரை அமுக்குங்கள் என்றார். இதை அண்ணிக்கு நான் சரியாக விளக்கவில்லை. ஒரு பெரிய கடையில் பெட்டி வாங்கினார், 85 டாலர். கல்லாவில் இருந்த பெண் மெஷினைத் திருப்பிக் காட்டினாள். திரையில் 5,941 ரூபாய் என்று இருந்தது. நம்ம ஊர்ப் பணத்தில் காட்டுகிறதே என்று அண்ணிக்குச் சந்தோஷம், அமுக்கிவிட்டார். கடைக்காரரின் மெஷின் ஒரு டாலரை 69 ரூபாய் 90 காசாகப் போட்டிருந்தது. அதற்கு மேல் அண்ணியின் வங்கியும் ஒரு சதவீதமும் வரியும் சேர்த்தது. 6,011 ரூபாய் ஆனது. டாலரில் அமுக்கியிருந்தால் மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்தே 5,842தான். வெளிநாட்டில் திரையில் ரூபாய் என்று கண்ணில் பட்டால் அங்கே ஒருவர் நமக்குப் பதிலாக விலை வைத்துவிட்டார் என்று பொருள். முதல் தடவை போகிற வயதானவர்களுக்கு இதைத்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அண்ணி மாதிரி ஆட்களுக்கு அந்த மெஷின் கேட்கிற கேள்வியே புரியாது.

மற்றபடி 600 டாலர் சரியாகப் போதுமானதாக இருந்தது. தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக்கும் மீனுக்கும் நோட்டைத்தான் நீட்டினேன். அங்கே எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து கட்டுகிறார்கள், ஆனால் அது உள்ளூர் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, என் போனில் வரவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலில் பேரன் பெயருக்கு அர்ச்சனை, வெளியே பூ, எல்லாம் இரண்டு டாலர், ஐந்து டாலர். ஐம்பது டாலர் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால் பூக்காரரிடம் சில்லறைக்கு நின்றிருப்பேன். ரயிலுக்கு நம் வங்கிக் கார்டையே தட்டிப் போகலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால் தட்டுகிற நாளுக்கு 60 சிங்கப்பூர்க் காசு கூடுதல். மகள் வாங்கிக் கொடுத்த ஈசி-லிங்க் கார்டில் அது இல்லை.

ஒரு நாள் கறிக்கடையில் மீதியாக வந்த பத்து டாலர் நோட்டில் வேறு முகம். பயந்துபோய் மகளிடம் காட்டினேன். அது புருனே டாலர். இரண்டு நாட்டுக்கும் 1967இலிருந்து ஒப்பந்தம், ஒன்றுக்கு ஒன்று சமம், சிங்கப்பூரில் அப்படியே செல்லும் என்றாள். பாய்க்குப் போன் போட்டேன். "அங்கயே செலவு பண்ணிடுங்கம்மா, இங்க கொண்டாந்தா என்னால எடுக்க முடியாது" என்றார். அன்று மாலையே அதைக் கொடுத்து முருங்கைக்காய் வாங்கினேன்.

கோலாலம்பூரில் 326 ரிங்கிட்டில் எங்கள் இரண்டு பேரின் நாலு நாளும் ஓடிவிட்டது. ஓட்டலில் உள்ளே போகும்போதே சுற்றுலா வரி கேட்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட், ஆன்லைனில் கட்டியதில் இது சேரவில்லை. மூன்று இரவுக்கு முப்பது. ரிங்கிட் கையில் இருந்ததால் கட்டினோம். பத்துமலையில் 272 படியையும் அண்ணி ஏறினார். அதற்குக் காசு இல்லை.

ஜூன் கடைசியில் பாய் கடைக்கு மறுபடி போனேன். ஏடிஎம்மில் எடுத்ததில் மிஞ்சியது உட்பட 84 டாலர் நோட்டாக இருந்தது. மகள் அங்கே இருக்கிறாள், அடுத்த வருஷமும் போவேன் என்றதும், "அப்ப விக்காதீங்க, வச்சிக்குங்க" என்றார். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால்தான் வந்து 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபடியும் வந்த வியாபாரத்தை அனுப்பிவிட்டார்.

கடையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு படி உயரமாக இருக்கிறது, பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. சிஎம்சிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார், வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். இன்னும் இரண்டு நாற்காலியாவது போட வேண்டும். நேரில் சொன்னேன், இடம் இல்லை என்றார், எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டேகால் வரை மூடியிருக்கும், வெளியே பலகை இல்லை, தெரியாமல் போனால் வெயிலில் நிற்க வேண்டும். ரிங்கிட், தாய்லாந்து பாட் போன்றவை எப்போதும் இருப்பதில்லை, முதல் நாளே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பில் போடும் பிரின்டர் மெதுவாக ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், புது நோயாளிகள் வருகிற நாள், ஒரு மணி நேரம் ஆகும். எந்த நாள் போனாலும் ரேட் என்ன என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தரணும், என் கைக்கு எத்தனை டாலர் வரும்" என்று கேளுங்கள். பாய் கால்குலேட்டரைத் தட்டி நம் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். வங்கியிலும் சரி, விமான நிலையத்திலும் சரி, இந்த ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

அன்று புறப்படும்போது பையில் சில்லறைக் காசுகளும் கிடந்தன, மூன்று டாலர் நாற்பது காசு. காசுகளைப் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் வாங்க மாட்டார்கள், இவரும் வாங்குவதில்லை. சும்மா பார்க்கட்டுமே என்று மேஜையில் கொட்டினேன். இருபது காசு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் தமிழில் சிங்கப்பூர் என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷம் நோட்டுகளையே எண்ணியவர், அந்த நாட்டுக் காசில் தமிழ் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாராம். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"எம் பொண்ணு அஞ்சாவது படிக்குதும்மா. இத ஒண்ண நான் எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்றேன். அவர் பலகையை ஒரு பார்வை பார்த்து, கல்லாவைத் திறந்து, ஒரு பத்து ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் எடுத்து என் முன்னால் வைத்தார்.